நான் சொன்ன ‘உழுந்துட்டா’

அக்கா, இன்று காலை நல்லம்பள்ளி பஸ் நிறுத்தத்தில் ஒரு பிக்கப் வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. தக்காளி லோடு. அழுகல் தக்காளி வாடை மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் பையைத் திறந்து பேனாவைத் தேடியது. வண்டி எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன். பாவம், அந்த டிரைவர் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறான். இருந்தாலும் எழுதினேன். உங்களிடமிருந்து எனக்குத் தொற்றிய வியாதி இது.

அன்றைக்கும் தக்காளி வண்டிதான். என் சுபாவும் உங்கள் பர்வீனும் பள்ளிக்கூடத்துக்குச் சாலையோரமாக நடந்து போகும்போது பின்னால் வந்து மோதியது. சுபாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது, பர்வீனுக்குக் கை. டிரைவரே இரண்டு பேரையும் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தான். நாம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கவே இரக்கமாக இருந்தது. நீங்கள் என் காதருகே வந்து, “அழுவுறானே, வண்டி எங்கடான்னு கேளு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைடி இது” என்றீர்கள். அதற்குள் வேறு யாரோ வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

உள்ளே விபத்துப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு இளம் டாக்டர், “எப்படி ஆச்சும்மா?” என்று என்னைக் கேட்டார். நம் பக்கத்தில் ‘வண்டி அடிச்சிருச்சு’ என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘பாடி எப்ப வருது’ என்பதுதான். மயங்கிக் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ரோட்டுல உழுந்துட்டா சார்” என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். அடுத்த கட்டிலில் பர்வீன் பக்கத்தில் நின்ற நீங்கள், “உழுவல சார், வண்டி மோதுச்சு. மோதுச்சுன்னே எழுதுங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க” என்று அவரைப் பாடாய்ப் படுத்தினீர்கள். ஒரே வண்டி, ஒரே நிமிடம். பதிவேட்டின்படி உங்கள் மகளை வண்டி மோதியது, என் மகள் தானாக விழுந்தாள்.

மூன்றாம் நாள் வண்டி முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார். “கேஸு, கோர்ட்டுன்னு எதுக்கும்மா அலையணும்? ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா ராஜியா போயிரலாம்” என்றார். நான் பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். நீங்கள் தாளைப் பிடுங்கினீர்கள். “மைனர் புள்ளைக்காகப் பெத்தவ ராஜி போடணும்னாலும் கோர்ட்டு ஒத்துக்கணுங்க. யாருக்குக் காது குத்துறீங்க?” வக்கீல்களுக்குக் கவுன் தைத்துக் கொடுத்தே பாதிச் சட்டம் படித்தவர் நீங்கள். ஆப்பிளையும் தொட விடவில்லை. தின்றுவிட்டால் ராஜிக்குச் சம்மதித்ததாகச் சொல்வார்கள் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நீங்கள் இழுத்துக்கொண்டு போனதால்தான் போலீசில் புகார் கொடுத்தேன். டிரைவர் மேல் வழக்குப் பதிவானது. நஷ்டஈடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்தில் பிள்ளைகள் பேரில் இரண்டு மனு போட்டோம். விசாரணை இரண்டுக்கும் ஒன்றாகவே நடந்தது. அங்கேதான் நான் சொன்ன சொல் என் கழுத்தைப் பிடித்தது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் பதிவேட்டைக் காட்டி, சுபா தானாக விழுந்தவள், வண்டிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்றார். அவளுக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் நேராக நடப்பாள். நஷ்டஈட்டுப் பணம் வராவிட்டால் அதைச் செய்ய எங்களுக்கு வேறு வழி கிடையாது.

அந்தச் சமயத்தில் முதலாளியின் கார் உங்கள் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். பத்து நாள் கழித்து மறுபடியும் பார்த்தேன். உங்கள் கேஸ் வலுவானது, என்னைக் கழற்றிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று என் மனம் கணக்குப் போட்டது. உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வீர்கள் என்று நினைத்தேன், அக்கா. தண்ணீர்க் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “இன்னாடி, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போற?” என்றீர்கள். “வேல கெடக்குது” என்றேன். நீங்கள் சாட்சி சொன்ன நாளில் கோர்ட்டுப் பக்கமே நான் வரவில்லை. அடுத்த மாதம் மாரடைப்பில் போய்விட்டீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடத் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன்.

போன வாரம் எங்கள் வக்கீல் உங்கள் சாட்சியத்தின் நகலை எனக்குப் படித்துக் காட்டினார். கோர்ட்டில் அதை நல்ல தமிழாக மாற்றி எழுதியிருந்தார்கள். எனக்கு உங்கள் குரலில்தான் கேட்டது. “சுபாவையும் வண்டிதான் மோதுச்சுன்னு சொல்லாதேன்னு ரெண்டு வாட்டி வூட்டுக்கே வந்தாங்க. முடியாதுன்னு அனுப்பிட்டேன்.” அப்படியென்றால் சுபாவின் தாய் ஏன் ‘விழுந்துவிட்டாள்’ என்று டாக்டரிடம் சொன்னாள், வண்டிக்காரரிடம் ஏதாவது வாங்கிவிட்டாளா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருக்கிறார். “புள்ள உசுரோட கெடக்கையில ‘அடிச்சிருச்சு’ன்னு சொல்ல எங்க ஊர்ல எவளுக்கும் வாய் வராதுங்க. அவ அப்படிப்பட்டவ இல்ல.” வக்கீல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்குமேல் என் காதில் எதுவும் ஏறவில்லை.

நேற்று நானும் கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். இனித் தீர்ப்புதான் வரவேண்டும். எழுதுகிறவர் சரியாகத்தான் எழுதினாரா என்று ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னேன். சுபாவுக்கு வழி பிறந்தால் அது நீங்கள் பேசியதால்தான்.

அழுத டிரைவர், பழம் கொண்டுவந்த முதலாளி, எழுதிக்கொண்ட டாக்டர் என்று ஒருவரையும் நீங்கள் நம்பவில்லை. நான் காசு வாங்கிவிட்டேன் என்று எவரும் நினைக்கக்கூடிய இடத்தில் என்னை மட்டும் நம்பினீர்கள். நான் டிரைவரை நம்பினேன், முதலாளியை நம்பினேன். அக்கா, நான் சந்தேகப்பட்டது உங்களை ஒருவரைத்தான்.