குறிகட்டுவானில் நான் திறந்த பெட்டி

நெடுந்தீவு
14.10.2024

அன்பு மகள் ஜொய்சிக்கு,

ஆண்டவர் விட்ட வழியில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று செபமாலையின் கடைசி மணியில் உன் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறோம். அம்மாவின் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. கடல் சரியில்லை, போன கிழமையும் இழுவைப் படகுகள் வந்து அண்ணன் அமலதாசின் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டன, முறைப்பாடு சொல்லப் போனால் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். போக்குவரத்துப் படகு பழுதாகி ஐந்து நாள் கிடந்தது, பக்கத்து வீட்டு மேரிறோஸ் பிள்ளைப்பேற்றுக்கு மீன் வள்ளத்தில் படுத்துக்கொண்டுதான் போனாள். பெண்பிள்ளை, இரண்டு பேரும் சுகம். தீவில் இருப்பவர்களும் மனிசர்தான் என்பது கரையில் இருப்பவர்களுக்கு எப்போது விளங்குமோ தெரியாது.

இதையெல்லாம் அம்மா உனக்குப் போனில் சொல்லியிருப்பா. நான் எழுத வந்தது வேறு. நாலு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை, எடுத்திருந்தாலும் மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்திருப்பேனே தவிர இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த வைன் போத்தில் நீ கட்டின பிழையால் உடையவில்லை மகள். நான்தான் உடைத்தேன்.

நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். அண்ணனின் மகள் ஷெரோமி கோயிலில் முதன்முதல் நற்கருணை எடுத்து முதல்நன்மை வாங்குகிறாள், அதற்கு நீ பரிசிலிருந்து வருகிறாய் என்றதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு உன் முகம் இல்லை, போத்தில்தான். என் கூட்டாளி ஜோர்ஜின் மகன் கனடாவிலிருந்து வந்து விருந்து மேசையில் விஸ்கி வைத்ததை ஜோர்ஜ் இன்றைக்கும் மீன் வாடியில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான், எங்கள் மேசையிலும் ஒன்று நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உங்களுக்குச் சீனி வருத்தம் எல்லோ அப்பா, உதென்னத்துக்கு என்று கேட்டாய். வைன் குடியில்லை, பாதரும் பூசையில் எடுக்கிறவர்தானே என்றேன். அதற்கும் நீ மசியவில்லை என்றதும், ஒரு போத்திலுக்கு வழியில்லாமலோ பரிசிலை இருக்கிறாய் என்று கேட்டேன். ஊர்பேர் தெரியாதவர்கள் படுத்தெழும்பிய ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைத்துச் சீவிக்கிற பிள்ளையிடம் தகப்பன் கேட்ட கேள்வி அது.

நீ வெளிக்கிட முதல்நாள் அம்மாவுக்குப் போனில் சொன்னதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். கைப்பையில் கொண்டுவர விடமாட்டார்கள், பெட்டிக்குள்தான் போட வேண்டும், அதற்கென்றே ஒரு தடித்த பை வாங்கினேன், வாயை அமத்தி மூடினால் உள்ளே போத்தில் உடைந்தாலும் ஒரு துளி வெளியே வராது என்றாய். போத்திலுக்கு இரண்டு சொக்ஸ் மாட்டி, துவாயால் சுற்றி, பைக்குள் வைத்து, பெட்டியின் எந்தப் பக்கமும் முட்டாமல் உடுப்புகளுக்கு நடுவில் படுத்தியிருக்கிறேன் என்றாய். உனக்கொரு மாப்பிள்ளையை இவ்வளவு கவனமாப் பாத்துப் பிடிச்சால் என்னடி என்று அம்மா பகிடி பண்ணினா, நீயும் சிரித்தாய்.

குறிகட்டுவான் துறையில் வான் வண்டியால் இறங்கிய நீ, பெட்டியைப் பாருங்கோ அப்பா என்று விட்டு முகம் கழுவப் போனாய். ஜோர்ஜும் அன்ரனிதாசும் படகுக்கு நின்றார்கள். மகள் வெறும் சொக்லேற் ரொபியோடைதான் வந்தவளோ அருளப்பு அண்ணை என்று அன்ரனிதாஸ் நக்கலடித்தான். அது போதும் எனக்கு. துறைச் சீமெந்தில் உன் பெட்டியைப் படுத்திச் சிப்பை இழுத்து, நீ மடித்து அடுக்கியதையெல்லாம் கிண்டி, பையைத் திறந்து, துவாயை உரிந்து, சொக்ஸைக் கழற்றி, வெயிலில் அந்தச் சிவப்புப் போத்திலைத் தூக்கிப் பிடித்தேன். ஜோர்ஜ் வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினான். அதற்குள் படகு ஊதிவிட்டது, நீயும் வருவது தெரிந்தது. சுற்ற நேரமில்லை. போத்திலை வெறுமனே பெட்டியின் ஓரத்தில், நன்மைக்கென்று நீ கொண்டுவந்த ஷெரோமியின் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் செருகி மூடினேன். பையைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் திணித்தேன். பிறகு எல்லாப் பொதியையும் போல உன் பெட்டியையும் படகுக்குள் எறிந்தார்கள். அவர்களில் பிழை சொல்ல ஏலாது. பரிசிலிருந்து எத்தனை கை மாறி, எத்தனை இடத்தில் எறிபட்டு வந்த போத்தில், உன் கட்டுக்குள் இருந்தவரைக்கும் ஒரு கீறலும் படாமல்தான் வந்தது.

வீட்டில் திறந்தபோது சட்டையும் தலைக்கு வைக்கிற பூமுடியும் நெற்றும் நாவற்பழக் கறையாகக் கிடந்தன. நான் நடுவிலை பைக்குள்ளை எல்லோ வைச்சனான் என்று சொல்லி என்னைப் பார்த்தாய். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, எனக்காக ஒரு சொல்லுச் சொல்லுங்கோ என்றுதான் பார்த்தாய். நான் எல்லோருக்கும் கேட்க, கட்டின லட்சணம் தெரியுது, பரிசிலை இருந்தென்ன, ஒரு போத்தில் சுத்தத் தெரியாது என்றேன். பிறகு உன் அண்ணி பிரியவதனி பேசியதெல்லாம் நான் வெட்டிவிட்ட வாய்க்காலால் வந்த தண்ணி. நன்மை வாங்கப் போற பிள்ளையின்ரை சட்டையோடை குடிப்போத்தில் கொண்டந்திருக்கிறா, அங்கை என்ன பழக்கமோ என்று அவள் முற்றத்தில் நின்று கத்தினாள். போத்தில் கேட்டது நான் என்றுகூட நான் சொல்லவில்லை. அம்மா வாயெடுத்தா, முறைத்து அடக்கினேன். நீ பொழுதுபடுமட்டும் கிணற்றடியில் இருந்து எங்கள் உவர்த் தண்ணியில் அந்தச் சட்டையைத் தேய்த்தாய். ஷெரோமி இரவல் சட்டையோடு நன்மை வாங்கினாள், அது முழங்காலுக்கு மேலே நின்றது. அன்றைக்கு எடுத்த படத்தில் நீ இல்லை, குசினிக்குள் நின்றாய். நான் நிற்கிறேன், நீ எனக்கென்று கொண்டுவந்த நீலச் சேட்டோடு. அது பெட்டியின் மற்றப் பக்கத்தில் இருந்ததால் ஒரு பொட்டும் படவில்லை.

ஜோர்ஜும் அன்ரனிதாசும் விருந்துக்கு வந்து ஆட்டிறைச்சி தின்றார்கள். இரண்டு பேருக்கும் நடந்தது தெரியும். விடு அருளப்பு, அவள் போறவள்தானே என்றான் ஜோர்ஜ். எங்கள் ஊர் ஆம்பிளைகளின் நியாயம் இதுதான். கேட்பதும் நாங்கள், உடைப்பதும் நாங்கள், பழி சுமக்க ஒரு பெண்பிள்ளை பிளேன் ஏறி வர வேண்டும். மூன்று நாள் முந்தியே நீ வெளிக்கிட்டபோது கிழிந்த வலை பொத்த வேண்டும் என்று சொல்லி நான் துறைக்கே வரவில்லை.

அந்தப் பையை மட்டும் எறிய மனம் வரவில்லை. கடலுக்குப் போகும்போது போனை அதற்குள்தான் போடுவேன். போன செவ்வாய் ஒரு அலை வள்ளத்துக்குள்ளேயே விழுந்து எல்லாம் நனைந்தது, என் போன் மட்டும் காய்ந்தபடி கிடந்தது. அமலதாஸ் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் பிரெஞ்சு எழுத்தும் ஒரு போத்தில் படமும் இருக்கிறது. இது எங்காலை வந்தது அப்பா என்றான். நடுக்கடலில் எங்கே எழும்பிப் போவது, சொல்லிவிட்டேன். அவன் போட்ட வலையைக்கூட இழுக்காமல் எஞ்சினைத் திருப்பிக் கரைக்கு விட்டான்.

வீட்டில் எல்லோரையும் வைத்துச் சொன்னேன். பிரியவதனி அழுதுவிட்டு, அப்ப ஏன் மாமா என்னைப் பேச விட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள் என்று கேட்டாள். ஷெரோமி கேட்டது அதைவிட மோசம். அப்ப மாமி குடிக்கிறேல்லையோ அப்பப்பா என்றாள். நாலு மாதமாக அந்தப் பிள்ளை அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறது. பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தப்பலாம் என்று நினையாதேங்கோ, அவளுக்கு எழுதுங்கோ என்று அம்மா சொன்னா. அதற்குப் பிறகு சோற்றை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறா.

என்னை மன்னித்துக்கொள் மகள். உடனே மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே, எனக்காக நீ விட்டுக்கொடுத்தது போதும். நத்தார்ப் பெருநாளுக்கு வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம், வா என்று கேட்க எனக்கு முகமில்லை. பிரியவதனி தானே உன்னோடு கதைப்பாள், நான் சொல்லிக்கொடுத்து இல்லை. எப்போதாவது வர மனம் வந்தால் வெறுங்கையோடு வா, நான் துறையில் நிற்பேன், பெட்டி கொண்டுவந்தாலும் அதில் கை வைக்க மாட்டேன்.

ஆண்டவரும் மாதாவும் உன் பக்கத்தில் இருந்து உன்னைக் காக்கட்டும். வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டு, நின்றபடி சாப்பிடாதே. உன் பையைக் கழுவிக் காயவைத்து, இந்தக் கடிதத்தை அதற்குள் போட்டு வாயை அமத்தி அனுப்புகிறேன். யார் எறிந்தாலும், கடலில் விழுந்தாலும் ஒரு எழுத்தும் நனையாது. நீ சரியாகத்தான் கட்டினாய்.

உன் அப்பா
அருளப்பு