ஏரி நரம்பு

அன்புள்ள கோரினுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வேலை முடிந்ததும், கடலோடு சேரும் கால்வாயின் கரையில் தூண்டில் போடுகிறவர்களோடு நின்று மீன் பிடிக்கிறேன். நேற்று கோடுபோட்ட பெரிய பாஸ் மீன் மாட்டியது. நம் ஊர் ஏரிக்கு வாங்கிய மெல்லிய தூண்டில் நரம்பால் அதை நிறுத்த முடியவில்லை. நீரோட்டத்தோடு ஓடி, வரிசையாக நின்றவர்களின் நரம்பையெல்லாம் சிக்கலாக்கி, அறுத்துக்கொண்டு போய்விட்டது.

பக்கத்தில் நின்ற ஆர்லிண்டோ, "குளத்து நரம்ப வெச்சிக்கிட்டு ஏன்யா எங்க உயிர வாங்குற? தள்ளிப் போ" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. இன்று யாருமே பக்கத்தில் நிற்க விடவில்லை.

உன் அண்ணனிடம் தடித்த கடல் நரம்பும் அதைச் சுற்றும் பெரிய ரீலும் இருக்கின்றன. எனக்கும் அவருக்கும் பேச்சில்லைதான். நான் கெஞ்சினேன் என்று சொல்லியாவது வாங்கி உடனே அனுப்பு.

தபால்காரர் வந்துவிட்டார். மீன் கிடைக்காவிட்டால் போகட்டும், கோரின். இந்த ஊரில் என்னோடு பேசுகிறவர்கள் அந்தக் கரையில் நிற்பவர்கள் மட்டும்தான்.

உன் வெண்டல்