ஆணியில் தொங்கிய சாவி

பாப்பா,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். பத்து மணிக்கு பிசியோதெரபி அக்கா வருவாங்க. இன்னைக்கு உன்னைத் தெருமுனை வரைக்கும் நடக்க வைப்பாங்களாம். வீட்டைப் பூட்டிட்டுப் போ.

நேத்து நான் உன் ஆபரேஷன் பண்ணின முட்டியை மடக்கி விடும்போது, "பெத்த பிள்ளையா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா"ன்னு கேட்டே. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போயிட்டேன். என் தப்புதான்.

கடவுளுக்கு நானும் தத்துப் பிள்ளைதான், பாப்பா. சொந்த மகனுக்கு உள்ளதையெல்லாம் நமக்கும் சேர்த்து எழுதி வெச்சிருக்கார். அந்த மகனுக்கே சிலுவையில வலி தப்பல. வலிக்கிறதால நீ வெளியாள் ஆயிட மாட்டே. வேணும்னா கத்து, ஆனா மடக்கு.

அம்மா

பி.கு.: நீ இந்த வீட்டுக்கு வந்த நாலு வருஷமா, வெளிய போயிட்டு வந்ததும், இரவல் வாங்கின மாதிரி சாவியை ஆணியில மாட்டிடறே. அதை உன் பையில போட்டிருக்கேன். ஆணியைப் பிடுங்கிட்டேன்.