காதம்பூ கண்ட்ரோல்ஸ் அனுப்பிய கடிதம்

ஏப்ரல் 28, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

தேர்வு முடிந்து முழுசாக ரெண்டு நாள் ஆகவில்லை. அதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எச்.ஓ.டி. மேடத்தின் குரல். "ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். காலேஜ் தேடித் தராது, நீங்களே தேடிக்குங்க. மே பத்துக்குள்ள ஆஃபர் லெட்டர் கொண்டு வரலன்னா அடுத்த செமஸ்டர் கிடையாது." டிப்ளமோ எலக்ட்ரிக்கல், ரெண்டாம் வருஷம், அறுபது பேர். குழுவில் ஒரே அழுகைப் பொம்மைகள். நான் ஒரு டான்ஸ் பொம்மை போட்டேன். நீக்கிவிட்டார்கள்.

என் பெஞ்சு மகேஸ் வந்தாள். நோட்டோடு. அவள் பல் விளக்குவதற்கும் நோட்டு போடுகிறவள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு வாசித்தாள், நான் இங்கே இறக்கி வைக்கிறேன்:

சீனியர்களிடம் கேட்க வேண்டும், போன வருஷம் எங்கே போனார்கள், யாரைப் பார்த்தார்கள் என்று.
கல்லூரியில் போனஃபைட் சான்றிதழ், ஐந்து நகல்.
பயோடேட்டா ஒரே பக்கம். ("உன் குறும்பெல்லாம் எழுதினா நாலு பக்கம் ஆவும்.")
செய்யாறு தொழிற்பேட்டைக்கு நேரில் போய் கேட் கேட்டாக ஏறி இறங்குவது. செக்யூரிட்டியிடம் மரியாதையாகப் பேசுவது. கேட்டைத் திறப்பவர் அவர்தான்.
மெயில் போட்டால் ஒரு வாரம் கழித்து போன் செய்து ஞாபகப்படுத்துவது.

போன மாசத்திலிருந்தே அவள் போட்ட மெயில் நாற்பத்தொன்று. பதில் ஒன்று. செய்யாறில் பேனல் போர்டு செய்யும் ஒரு சின்னப் பட்டறை: ‘வியாழனுக்குள் உறுதி சொல்லவும்.’

"எட்டு பேர் வேல செய்ற எடம்டி. பெரிய கம்பெனி ஒண்ணு கெடைச்சா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றாள்.

நான் போட்ட மெயில்: பூஜ்யம். கேட்: பூஜ்யம். எங்கள் வீட்டு கேட்டையே நைனாதான் திறக்கிறார்.

ஏப்ரல் 30, புதன்

வேலை வெட்டி இல்லாத மதியம். ஒரு பெரிய கம்பெனி தொடங்கினேன்.

பெயர்: காதம்பூ கண்ட்ரோல்ஸ் பிரைவேட் லிமிடெட். நிதானமாகச் சொல்லிப் பார்த்தால் காதில் பூ. சின்னமும் வரைந்தேன்: ஒரு காது, அதற்குள் மஞ்சள் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் பல்சக்கரம் மாதிரியே இருக்கிறது. என் கைவண்ணத்தில் எனக்கே பொறாமை. மனித வள மேலாளர்: ஆர். ஞானசேகர். ஏதோ வாயில் வந்த பெயர். போன் நம்பர் என்னுடையதுதான், கடைசி ரெண்டு எண்ணை மட்டும் மாற்றினேன். புது மெயில் முகவரி. ‘தங்களைத் தேர்ந்தெடுப்பதில் பெருமகிழ்ச்சி.’

3.10க்கு மகேஸுக்கு ஆஃபர் லெட்டராக அனுப்பினேன். அரை மணி நேரத்தில் நேரில் போய் உடைப்பதாகத் திட்டம்.

3.40க்குப் போனேன். வாசலிலேயே நெய் வாசனை. மகேஸ் அம்மா பட்டு முறுக்கும் ஆலையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து கேசரி கிளறிக்கொண்டிருந்தார்.

"வாம்மா ஹேமா! உன் ஃப்ரெண்டு பெரிய கம்பெனிக்குப் போறா பாத்தியா? இந்த வூட்லயிருந்து கம்பெனி பஸ் ஏறப்போற மொத ஆளு."

என் கையில் கேசரி. வாயில் கேசரி. வாயில் இருந்தால் எப்படிப் பேசுவது? (சும்மா சாக்கு.) நாளை சொல்லலாம்.

மே 1, வியாழன்

புழுக்கம். மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

சொல்லத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஞானசேகர் சார்கிட்ட பேசினேன்டி."

"யாரு?"

"எச்.ஆர். சார். லெட்டர்ல நம்பர் இருந்திச்சே. எவ்ளோ தன்மையா பேசறாரு தெரியுமா? எங்க நைனா இன்னா பண்றாரு, அண்ணன் தம்பி இருக்காங்களான்னுலாம் கேட்டாரு. நைனா இல்ல, நானும் அம்மாவும்தான்னு சொன்னேன். ‘கவலப்படாத கண்ணு, நாங்க பாத்துக்கறோம்’னாரு."

ஐந்து நொடி யோசித்தேன். பிறகு புரிந்தது. கண்டுபிடித்துவிட்டாள்! என் குண்டையே எனக்குத் திருப்பிப் போடுகிறாள். இரண்டு வருஷம் என்னோடு உட்கார்ந்ததற்குப் பலன். கழிவறைக் கதவில் ‘440 வோல்ட் அபாயம்’ பலகையை நான் மாட்டியபோது நாற்காலி பிடித்தவள் அல்லவா.

"சார் கல்யாணம் ஆனவரா?" என்று கேட்டு வைத்தேன்.

"சீ போடி" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. என்ன நடிப்பு!

யார் முதலில் சிரிக்கிறோம் என்று பார்ப்போம்.

மே 2, வெள்ளி

காலையில் விளையாட்டாக எனக்கும் ஒரு இன்டர்ன்ஷிப். பெரிய கடைத்தெரு பின்னால், சேலைக்கு பார்டர் டிசைனை கம்ப்யூட்டரில் போடும் கடை. நேரே உள்ளே போய், "அண்ணா, ஆறு வாரம் சும்மா வேலை செய்றேன், லெட்டர் குடுப்பீங்களா?" என்றேன். "மௌஸ் புடிக்கத் தெரியுமா?" "எலியே புடிப்பேன்." சிரித்துவிட்டு, போனஃபைட் மட்டும் கொண்டு வரச் சொன்னார். நகல் போதுமாம். இவ்வளவுதானா விஷயம்?

சந்தோஷத்தில் மகேஸிடம் ஓடினேன்.

பட்டறைக்கு நேற்றே ‘வேண்டாம், வேறு இடம் கிடைத்துவிட்டது’ என்று மெயில் போட்டுவிட்டாளாம். நாடகத்துக்காக யாராவது அதைச் செய்வார்களா?

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் மாற்றிப் போட்ட நம்பர், எவனோ ஒருத்தனுடையது. ‘ஞானசேகர் சார் எச்.ஆர்.’ என்று சேமித்திருக்கிறாள். பதினான்கு நிமிட அழைப்பு. பிறகு அவனே ரெண்டு முறை. ஒரு குரல்செய்தி. அழுத்தினேன்.

"கண்ணு, திங்கக்கெழம காலைல அஞ்சே முக்காலுக்கு வண்டி வரும். கம்பெனி பஸ் நிக்கற எடத்துல நிக்காத, அங்க கூட்டம். கொஞ்சம் தள்ளி, ரைஸ் மில் தாண்டி நில்லு. பத்தாவது, பன்னெண்டாவது ஒரிஜினல், ஆதார் ஒரிஜினல், ரெண்டு செட் துணி. பயிற்சி மொத ஒரு வாரம் வெளியூர். காசு ஒண்ணியும் வேணாம்."

நாற்பது வயது இருக்கும் குரல். அன்பான குரல்.

எனக்குக் கேசரி நினைவு வந்தது.

"அந்த லெட்டர ஒரு காப்பி கேட்டாரு, அனுப்பினேன்" என்றாள். "அவங்க கம்பெனி லெட்டர் அவங்ககிட்டயே இல்லாமயா?" என்றேன். "ஃபைலுக்காம்டி" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய் இல்லை.

மே 3, சனி

நைனா ரைஸ் மில்லில் பாய்லர் ஆபரேட்டர். காலை ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் நேரம் பார்த்து அவர் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"அலோ."

"ஞானசேகர் சாருங்களா?"

"ஆமாம்மா. காதம்பூ கண்ட்ரோல்ஸ்."

"அப்படி ஒரு கம்பெனியே கெடையாதுங்க. அந்தப் பேரு வச்சதே நான்தான்."

போனில் அவனுக்குப் பின்னால் குக்கர் விசில். ஒரு குழந்தை டி.வி. பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. பிறகு அவன் சிரித்தான். மெதுவாக, மாமா மாதிரி.

"அட, நீதானா அது? நல்லா அடிச்சிருக்கம்மா. அந்த மஞ்சப் பூ சூப்பரு. உன் ஃப்ரெண்டு பேர மட்டும் மாத்தி இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்கு அனுப்பினேன், உடனே ஒத்துகினாங்க."

"மகேஸ உட்ருங்க. போலீஸ்ல சொல்லுவேன்."

"சொல்லேன். லெட்டர் யாரு அடிச்சதுன்னு கேப்பாங்க. அதையும் சேத்து சொல்லு."

வைத்துவிட்டான்.

இன்று நகைச்சுவை எதுவும் எழுத வரவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது.

காலையில் மகேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், பூ, நம்பர், மெயில் முகவரி. திறந்தும் காட்டினேன். அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சார் நேத்தே சொன்னாரு."

"இன்னா சொன்னான்?"

"உன் ஃப்ரெண்டு ஒருத்தி போன் பண்ணா, லெட்டரே பொய்னு சொல்றா, வயித்தெரிச்சல் புடிச்சவ போலக்குதுன்னு. கம்பெனி மெயில்குள்ள பூந்து வேல காட்டினாலும் காட்டுவா, ஜாக்கிரதன்னாரு."

"மகேஸ், நான் உங்கிட்ட பொய் சொல்லுவனா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "போன மாசம் எனக்கு ரிசல்ட் வந்துட்ச்சு, ரெண்டு அரியர்னு சொன்னது யாரு? எங்கம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு லேப்ல இருந்து என்ன ஓட உட்டது யாரு? உனக்கு ஒரு கடைல எடம் கெடைச்சிட்ச்சு, எனக்குப் பெரிய எடம் கெடைச்சா தாங்கல. போடி."

கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே ஜிப் இழுக்கும் சத்தம்.

மதியம் நைனாவிடம் சொன்னேன். சோற்றில் கை வைத்திருந்தார். சாப்பிடாமலே எழுந்து கை கழுவினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகேஸ் அம்மாவுக்கு போன் போட்டார். "எம் பொண்ணு நல்லா இருந்தா உங்க வூட்ல ஏன் இப்டி எரியுது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார் அந்த அம்மா.

"சட்டைய எடு. ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார் நைனா.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். வேணாம் நைனா, காலேஜ்ல இருந்து தூக்கிடுவாங்க, என்ன உள்ள வச்சிருவாங்க, காலைல நாமளே போய் நிப்போம், அவள ஏற உடாம பண்ணாப் போதும்.

நைனா கையில் இருந்த சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"அந்த ரெண்டு பொண்ணுங்க?" என்றார்.

பேரே தெரியாதே, என்ன செய்ய முடியும் என்றேன். 

மே 5, திங்கள்

5.20. காற்றே இல்லை. நைனாவும் நானும் பஸ் ஸ்டாப்பில்.

அந்த நேரத்துக்கு எங்கள் ஸ்டாப் ஒரு தனி ஊர். செய்யாறு போகும் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். டீக்கடை முன்னால் ஒரு கம்பெனி, செல்போன் கடைப் பலகைக்குக் கீழே இன்னொன்று. நூறு பெண்கள், நூறு டிபன் பை. எந்த வண்டி யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நின்ற இடம்தான் அடையாளம். வண்டி வந்தால் ஏறுவார்கள். மகேஸும் அப்படித்தான் ஏறியிருப்பாள்.

பக்கத்துத் தெரு செல்வி அக்கா ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம். அவரிடம் ரெண்டு வரியில் சொன்னேன்.

"ரைஸ் மில் தாண்டியா? அங்க எந்தக் கம்பெனி வண்டியும் நிக்காதுடி. ஏய், வாங்கடி எல்லாரும்!"

பதினைந்து பெண்கள். டிபன் பையோடு ஓட்டமும் நடையுமாக. ஷிப்டுக்குப் போகவேண்டிய பஸ் பின்னால் ஹாரன் அடித்தது, ஒருத்தியும் திரும்பவில்லை.

மகேஸ் நின்றிருந்தாள். புதுச் சுடிதார், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெஞ்சோடு ஃபைல். எங்களைப் பார்த்ததும் முகம் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளை வேன். நம்பர் பிளேட்டில் சேறு. மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது.

செல்வி அக்கா டிரைவர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினார். "எந்தக் கம்பெனி?"

"காதம்பூ."

"பேட்டைல எந்த ஃபேஸ்ல இருக்குது? எத்தினி மணிக்குப் பஞ்ச்? உன் ஐடி கார்ட எடு."

"ஜல்தி ஏறும்மா" என்றான் அவன், மகேஸைப் பார்த்து மட்டும்.

நைனா ஸ்டியரிங் பக்கம் கையை விட்டார். அவன் கியர் போட்டான். நைனா கீழே விழுந்தார், முழங்கை கிழிந்தது. மகேஸ் ஒரு அடி பின்னால் வைத்தாள். ஒரே ஒரு அடி. அது போதும்.

வேன் வளைந்தபோது பின் ஜன்னல் என் முகத்துக்கு நேராக வந்தது. உள்ளே ஒரு பெண். என் வயசு. மடியில் ஃபைல், ஃபைல் மேல் லெட்டர். மூலையில் மஞ்சள் பூ. அவள் ஏதோ கலாட்டா என்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பயம்கூட இல்லை. வேலைக்குப் போகிற முகம்.

கத்தினேன். கண்ணாடி மூடியிருந்தது.

9.15. ஸ்டேஷன் பெஞ்ச். நைனா உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார். மகேஸ் எதிர் பெஞ்சில், என்னைப் பார்க்காமல். பெண் போலீஸ் ஒருவர் தாள் கொடுத்து, நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறார். தாள் வெறுமையாக இருக்கிறது. இந்த நோட்டில்தான் கை ஓடுகிறது. எல்லா ரோட்டு செக்போஸ்டுக்கும் சொல்லிவிட்டார்களாம். வேன் இன்னும் கிடைக்கவில்லை. "நேத்தே வந்திருக்கலாமே" என்று ஒருவர் நைனாவிடம் கேட்டது இங்கே வரை கேட்டது. நைனா என் பெயரைச் சொல்லவில்லை.

9.40. ஒரு அம்மா உள்ளே வந்தார். வந்தவாசிப் பக்கம். செருப்பு மாறிப் போட்டிருக்கிறார். "பொண்ணு கம்பெனிக்குப் போச்சுங்க. போய்ச் சேந்தோன போன் பண்றன்னிச்சு, ஆஃப்ல கீது" என்று எல்லோரிடமும் சொல்கிறார். உட்காரச் சொன்னார்கள். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

கையில் நாலாக மடித்த லெட்டர் நகல். பிரித்து என் மடியில் வைக்கிறார்.

"நீ படிச்ச பொண்ணு மாரி கீறியே. இது எந்த ஊரு கம்பெனின்னு கொஞ்சம் பாத்து சொல்லும்மா."