ரூவான் சந்தையில் கற்பூரம்

மாமாவுக்கு சௌந்திரம் கும்பிட்டு எழுதறது. மூட்டுவலி தேவலைங்களா? நான் இல்லாத தைரியத்துல பரோட்டாவாத் தின்னு தொப்பை வளர்த்திருப்பீங்க.

நான் சமைக்கிற ஊட்டம்மா, நம்ம புதுச்சேரிக்காரங்க, இந்தப் பிரெஞ்சுக்கார ஊரு ரூவான்ல இருக்கற பழைய சந்தைக்குக் கூட்டிப் போனாங்க. அறுநூறு வருசத்துக்கு முந்தி ஜான் தார்க்குன்னு பத்தொன்பது வயசுப் புள்ளையை அங்கதான் கம்பத்துல கட்டி உசுரோட எரிச்சாங்களாம். சாம்பலையும் ஆத்துல கொட்டிட்டாங்களாம். பிற்பாடு அவ மேல தப்பில்லைன்னு தீர்ப்பு சொல்லி, இப்பக் கும்பிடறாங்க.

நம்மூர்ல தீயில செத்த பொண்ணுக்குச் செய்யற மாதிரி, தேங்காய் வெச்சுக் கற்பூரம் பத்த வெச்சேன். எரிச்ச இடத்துலயே தீ வெச்சுக் கேலி பண்றேன்னு நெனச்சு, ஒரு குடிகாரன் என் முடியைப் பிடிச்சுத் தரையில மோதிட்டான். உதட்டுல தையல். பயப்படாதீங்க, தேங்காயாலயே அவன் மூஞ்சியில போட்டேன். தேங்காய் உடையல, மூக்கு உடைஞ்சுது.

"அக்கா, சாமி கும்பிட வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?"ன்னாங்க ஊட்டம்மா.

"ரெண்டுக்குமுங்க"ன்னேன்.

போன்ல சொன்னாக் குறுக்கே பேசுவீங்க, அதான் எழுதறேன். ஆடி முடிஞ்சதும் நம்ம புள்ள கிருத்திகாவை அவ புருசன் ஊட்டுல உட்டுடறேன்னீங்களே, உடாதீங்க. அவ மேல மண்ணெண்ணெய் ஊத்தினவன் தீக்குச்சியும் கிழிப்பான். பெரியவங்க பேசி முடிச்சாப் பேசிட்டுப் போறாங்க.

ஆவணி பொறந்ததும் அரப்புத்தூள் ஒரு பொட்டலம் அனுப்புங்க, இங்கத்த சோப்புல தலை நமைக்குது. விலாசத்தைக் கிருத்திகா கையால எழுதச் சொல்லுங்க. ஆவணியில அவ எழுத்தைப் பார்த்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

குக்கர் கத்துதுங்க.

சௌந்திரம்