கேட்டில் பிடிபட்ட சைக்கிள் நட்டு

சித்தப்பா, ஒரு துயரச் செய்தி. நைனாவின் டிபன் பாக்ஸ் மூடி, நெடுநாள் நெளிசலுக்குப் பின், இன்று காலை கைதவறி விழுந்து இயற்கை எய்தியது. நல்லடக்கம் மாலையில், காயலான் கடையில். மலர்வளையம் தவிர்க்கவும்.

அந்த டப்பாவைக் கையில் எடுத்ததிலிருந்து உட்கார முடியவில்லை. புத்தகத்தை விரிக்கிறேன், மூடுகிறேன், வாசலுக்குப் போகிறேன், வருகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் நீ செக்யூரிட்டியாக நின்ற இரும்புக் கம்பெனியில்தான் உன் அண்ணன் நைனாவுக்கும் வேலை. ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்கள் உன்னிடம் டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். ஒருநாள் நைனாவின் டப்பாவில் யாருக்கும் தெரியாமல் ஒரு நட்டைப் போட்டு அனுப்பினேன்.

"இன்னாண்ணே இது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாயாம். பிறகு விரலில் உருட்டிப் பார்த்து, "நம்ம கம்பெனிது இல்ல, சைக்கிளுது. உன் புள்ள வேலை. ஊட்டுக்குப் போய் நாலு போடு" என்றாயாம். நைனா தாராளமானவர். எட்டு போட்டார்.

உனக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது நான் பிளஸ் டூ. கட்டிலருகே உட்கார்ந்து அலட்டினேன்.

"உடம்புலயும் செக்யூரிட்டி இருக்கு சித்தப்பா. டி செல்லு."

"டீ குடிச்சிக்கினே நிக்குமா?"

"அது நீ. இது வேலை பாக்கும்."

ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருக்கும் புரதத்தின் துணுக்கை வெளியே நீட்டிக் காட்டும். டி செல் தன் ஏற்பியால் தொட்டுப் பார்க்கும். வைரஸின் துணுக்கு என்றால் சோற்று டப்பாவில் நட்டு கிடப்பது மாதிரி. அந்தச் செல்லையே தீர்த்துவிடும். புற்றுச் செல் காட்டுவதோ பெரும்பாலும் நம்முடைய துணுக்குதான், கொஞ்சம் மட்டும் மாறியிருக்கும்.

நீ சிரிக்கவில்லை. "அப்ப சோறு மாதிரியே இருக்கும், சோறு இல்ல. நம்மாளு புடிப்பானா?"

"மருந்து ஏத்துறாங்கல்ல. புடிச்சிடுவான்."

பிடிக்கவில்லை. நீ போய்விட்டாய். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் என்னை ஓரிடத்தில் இருக்க விடுவதில்லை.

இப்போது காலேஜ், மைக்ரோபயாலஜி. டி செல் என்றால் வகுப்பே என் பக்கம்தான் திரும்பும். போன வாரம் மேடம் போர்டுக்கே அனுப்பினார்கள். உன் கேட்டை வைத்து நடத்தினேன். கைதட்டல் வேறு. அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "ரொம்ப நாளு சண்ட போட்டு அந்த செக்யூரிட்டியே களைச்சிட்டா?"

பதில் தெரியும். புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிறது. களைத்துப்போன டி செல் கேட்டிலேயே நிற்கும், பிடிக்காது. பாத்ரூம் என்று சொல்லிவிட்டு, பெல் அடிக்கும்வரை பைக் ஸ்டாண்டில் நின்றேன். எனக்கு வயிறு சரியில்லை என்று வகுப்பு முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. நானும் மறுக்கவில்லை.