நான் சொல்லாமல் விட்ட ஐந்து நாள்

எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் நின்று, போவதிலும் எனக்கு முன்னால் போய்விட்ட என் சரோஜா அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. உன் பிள்ளை குமரன் இப்போது என்னோடுதான் இருக்கிறான். அத்தானை மாஹேக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மலையாளத்துக்கு நடுவில் பிள்ளை திண்டாடுவான் என்று, பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் ஒரு பெட்டியோடு கொண்டுவந்து சுரக்குடியில் விட்டுவிட்டுப் போனார். பதினாலு வயது. உன் உயரத்தைத் தாண்டிவிட்டான். நெற்றியும் நடையும் அப்படியே நீ. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. வருவது சந்தோஷம் மட்டும் இல்லை, அக்கா.

உன்னிடம் நான் மறைத்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் பொறாமையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அது உனக்கு விளங்காது.

உனக்கு ஆபீஸ் மாப்பிள்ளை வந்தார், காரைக்காலில் குழாய்த் தண்ணீர் வரும் வீடு கிடைத்தது. எனக்கு சுரக்குடி, களத்துமேடு, மழை பெய்தால் முழங்கால் சேறு. உன் வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத் திரும்பிய நாளெல்லாம் என் வீட்டுக்காரரிடம் ஏதாவது ஒரு காரணத்துக்குச் சண்டை போட்டிருக்கிறேன். பாவம், அவருக்கு இன்றைக்குவரை காரணம் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா? நீ ஊறுகாயும் பழைய புடவையும் கொடுத்தனுப்புவாய். நான் ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டுப் புடவையைக் கட்டாமல் வைத்திருப்பேன்.

அப்புறம் பிள்ளைகள் பிறந்தார்கள். உனக்கு முதலில், எனக்குப் புயலடித்த வருடத்தில். குமரனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கட்டியும் காய்ச்சலும். என் செல்வம் பிறந்து நாலாம் மாதம் அவனுக்கும் அதே மாதிரி கழுத்தில் கட்டி, காதுக்குப் பின்னால் சீழ். நமக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன இரண்டு அண்ணன்களின் கதையை அம்மா அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நாம் ஒன்றாகத்தான் போனோம். அந்த டாக்டரம்மா நம்மை உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டினார். எல்லார் ரத்தத்திலும் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் உண்டாம். இவர்களுக்கு அந்த அணுக்கள் கிருமியை விழுங்குமாம், ஆனால் கொல்லத் தெரியாதாம். ரொம்ப அபூர்வமான நோய், அம்மா வழியாக மகனுக்கு வருவது என்றார். அம்மா எனக்கென்று எதுவும் தனியாகக் கொடுத்ததில்லை என்று குறைபட்டுக்கொண்டே இருந்தவள் நான். இதை மட்டும் நம் இரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

அந்த நோய்க்கு ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள் என்றும், நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதே டாக்டரம்மா சொன்னபோது குமரனுக்கு எட்டு வயது, செல்வத்துக்கு ஆறு. தினமும் குடிக்கிற மருந்து. சில பிள்ளைகளுக்கு நிஜ மருந்து, சிலருக்கு அதே நிறம், அதே ருசியில் வெறும் சர்க்கரைப் பாகு. ஆறு மாதம் கழித்து மாற்றிக் கொடுப்பார்கள். யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பட்டியல் மருந்தறையில் பூட்டியிருக்கும். காய்ச்சலோ கட்டியோ கண்டால் அன்றைக்கே வர வேண்டும், ஒரு பிள்ளைக்கு மோசமானாலும் சோதனையை நிறுத்தி, பட்டியலைப் பிரித்துப் பார்த்துவிடுவேன் என்றார். நீ உடனே சரி என்றாய். நீ சரி என்றதால் நானும் சரி என்றேன்.

முதல் ஆறு மாதம் உனக்கு நினைவிருக்கும். குமரன் கன்னம் வைத்தான். ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தவறவில்லை. என் பிள்ளைக்கு இரண்டு தடவை கட்டியைக் கீறிவிட்டார்கள். சின்னக் கட்டிதான், சோதனையை நிறுத்துகிற அளவுக்கு மோசமில்லை என்றார்கள். கட்டுப்போட்ட கழுத்தோடு அவனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, நல்ல மருந்தும் அக்காவுக்குத்தானா என்று நினைத்தேன். குமரன் நன்றாக இருப்பதை என்னால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஒரு பிள்ளை ஆரோக்கியமாக ஓடுவதைப் பார்த்து வயிறெரிகிறவள் என்ன பொம்பளை, சொல்லு? உன் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினேன்.

நீயே வந்தாய். பைக்குள் குமரனின் மருந்து பாட்டில். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாய்.

“இதுதான் நெச மருந்து போலருக்கு மல்லி. பாதிய ஒன் பாட்டில்ல ஊத்திக்க. ரெண்டும் பொழைக்கட்டும்.”

நான் மறுத்தேன். ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டோம் என்று டாக்டரம்மாவிடம் கொடுத்த வாக்குக்குப் பயந்து இல்லை. “ஒன் மிச்சம் எனக்கு வேணாங்க்கா” என்று சொன்னேன். நீ பாட்டிலை மறுபடி பையில் வைத்தாய். செல்வத்தின் தலையைத் தடவிவிட்டுப் போனாய். அன்றைக்கு என் பிள்ளையின் உடம்பைவிட என் ரோஷம் எனக்குப் பெரிதாக இருந்தது.

பாட்டில் மாறியது. இரண்டே மாதத்தில் செல்வம் வேறு பிள்ளையானான். பசி என்று கேட்டான். வாய்க்காலில் குதித்தான். எனக்குக் கால் தரையில் படவில்லை. இப்போது உன் முறை என்று மனசுக்குள் ஒரு குரல். அந்தக் குரலை நான் அடக்கவில்லை, அக்கா.

அம்பகரத்தூர் கோயிலுக்கு அந்த வைகாசியில் இரண்டு குடும்பமும் போனோமே, அன்றைக்குத்தான். கூட்டத்தில் குமரன் என் தோளில் சாய்ந்து நின்றான். உடம்பு கொதித்தது. சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தேன். காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்குக் கெட்டியாக, சூடாக. செல்வத்துக்கு எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. அது என்ன என்று என் விரலுக்குத் தெரியும். நீ அர்ச்சனைத் தட்டோடு வந்து கேட்டாய்.

“கழுத்துல என்னமோ இருக்கே மல்லி, நீ பாரு. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா?”

“வேனக்கட்டிக்கா. வெயில்ல அலையிறான்ல. மஞ்ச அரைச்சுப் போடு, அமுங்கிரும்.”

ஏன் சொன்னேன்? குமரனுக்கு மோசம் என்று தெரிந்தால் சோதனையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் என் பிள்ளையின் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். என் பயம் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் பாதிப் பொய். உன் முகத்தில் கவலையைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

நீ என்னை நம்பினாய். டாக்டரை நம்புவதைப்போல நம்பி ஐந்து நாள் மஞ்சள் போட்டாய். ஆறாம் நாள் அவனுக்கு மூச்சு வாங்க, காரைக்காலிலிருந்து வாடகைக் காரில் புதுச்சேரி கொண்டுபோனீர்கள். நுரையீரலில் சீழ். விலாவில் குழாய் போட்டார்கள். மூன்று மாதம் நீ அந்த வார்டின் தரையில் படுத்தாய்.

குமரனைச் சேர்த்த அன்றே டாக்டரம்மா பட்டியலைப் பிரித்தார். நம் ஊகம் சரிதான். ஆனால் நான் பயந்தது நடக்கவே இல்லை. செல்வத்தின் பாட்டிலை யாரும் பிடுங்கவில்லை. மருந்து கேட்கிறது என்று தெரிந்துவிட்டது, இனி யாருக்கும் சர்க்கரைத் தண்ணீர் கிடையாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் நிஜ மருந்தையே கொடுத்தார். ஐந்து நாள் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

குமரன் பிழைத்தான். ஒரு வருடப் படிப்பு போயிற்று. வலது பக்கம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கித்தான் இருக்கிறது, ஓடினால் இரைக்கிறது. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் வயிற்றில் புற்று என்று தெரிந்து, கடைசியாக நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் சொன்னாய்.

“கொமரன நீ பாத்துக்க. எது கட்டி, எது காச்சல்னு ஒனக்குத் தெரியுற மாதிரி யாருக்கும் தெரியாது.”

அதை நீ எந்த அர்த்தத்தில் சொன்னாய்? மூன்று வருடமாக அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா? தெரிந்தும் பிள்ளையை என் கையில் கொடுத்தாய் என்றால், அதிலும் நீதான் என்னைவிடப் பெரியவள். அதற்கும் எனக்குப் பொறாமை.

இப்போதைய சேதிக்கு வருகிறேன். வெளிநாட்டில் இந்த நோய்க்கு ஓர் ஊசி கண்டுபிடித்திருக்கிறார்களாம். வாரத்துக்கு மூன்று முறை போட வேண்டும். நம் டாக்டரம்மா இங்கேயும் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறார். இப்போது குடிக்கிற மருந்தை யாருக்கும் நிறுத்தமாட்டார்கள், கூடவே இந்த ஊசி. ஆனால் முறை பழையதுதான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். போன மாதம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிஜ ஊசி செல்வத்துக்கு வரட்டும் என்று. இவ்வளவுக்கும் பிறகு, இந்த வயதில்.

திரும்பி வரும் வழியில் செல்வம் தூங்கிவிட்டான். சிதம்பரத்தில் பஸ் நின்றபோது குமரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், கழுத்து, மஞ்சள், எல்லாம். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அம்மாவுக்குத் தெரியுமா சித்தி?”

தெரியவில்லை என்றேன். காரைக்கால் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான். அதற்கப்புறம் பத்து நாள் என்னிடம் நேராகப் பேசவில்லை. சோறு வேண்டும் என்றாலும் செல்வத்திடம்தான் சொல்வான். நான் அழவில்லை. அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் ஆஸ்பத்திரிப் படிவத்தை என் முன்னால் வைத்தான். பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். நான் போடலாம் என்று அத்தான் முன்பே கடிதம் எழுதியிருந்தார். மற்ற எல்லாவற்றையும் குமரனே நிரப்பியிருந்தான்.

“மாஹேக்கு அனுப்புனா நாளாவும். நீங்களே போடுங்க” என்றான்.

என் பெயருக்குப் பக்கத்தில் ‘உறவு’ என்ற இடத்தில், ‘அம்மாவின் தங்கை’ என்று எழுதியிருந்தான். சித்தி என்றுகூட இல்லை. அங்கேயும் நீதான் முதலில். ஒரு நிமிஷம் எனக்குள் பழையபடி சுரீர் என்றது. பிறகு கையெழுத்துப் போட்டேன். அவன் என்னை மன்னித்துவிட்டானா என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் முதல் ஊசி. எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று தெரியாது. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். குமரனின் உடம்பு கொஞ்சம் சுட்டாலும், ஒரு பட்டாணி அளவுக்குக் கட்டி தென்பட்டாலும், அன்றைக்கே முதல் பஸ்ஸில் அவனோடு புதுச்சேரிக்கு ஏறிவிடுவேன். அதனால் செல்வத்தின் ஊசி நின்றுபோவதாக இருந்தாலும் ஏறுவேன். பொறாமை வராது என்று மட்டும் வாக்குக் கொடுக்கமாட்டேன், அக்கா. அது வரும். வந்தால் அதையும் கூட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

உன் பிள்ளை தன் கைப்பட எழுதியபடி,
அவன் அம்மாவின் தங்கை,
மல்லிகா
சுரக்குடி